மாடு ஒதுக்கும் தட்டை: மக்காச்சோளத்தில் லிக்னினும் அதன் மரபணுக்களும்

மக்காச்சோளத் தட்டையை நறுக்காமல் முழுசாகத் தொட்டியில் போட்டுவிட்டு, மாடு எந்த வரிசையில் தின்கிறது என்று பாருங்கள். முதலில் இலை போகும். அப்புறம் கதிரை மூடியிருக்கும் தோகை, மேல்தண்டு. அடித்தண்டு, அதிலும் கணுவை ஒட்டிய பகுதி, மென்று துப்பிய சக்கையாகத் தொட்டியிலேயே கிடக்கும். நறுக்கிப் போட்டால் அதையும் தின்றுவிடும். ஆனால் தின்றதெல்லாம் செரிப்பதில்லை, கணிசமான பங்கு சாணத்தோடு வெளியே வந்துவிடும்.

காரணம் லிக்னின். முற்றிய வெண்டைக்காயில் பல்லில் மாட்டிக்கொள்ளும் நாரில் இருப்பதும் இதுதான். தண்டு வளர்ந்து முடியும் தறுவாயில் அதன் செல் சுவர்களில் லிக்னின் படிந்து இறுகுகிறது. வேரிலிருந்து நீரை மேலே ஏற்றும் குழாய்கள் உள்வாங்கிச் சுருங்காமல் இருப்பதும், இரண்டு மீட்டர் உயரச் செடி கதிரையும் தாங்கிக்கொண்டு காற்றில் நிற்பதும் லிக்னினால்தான். செடிக்கு இல்லாமல் முடியாத ஒரு பொருள், மாட்டுக்குத் தடையாக இருக்கிறது.

மாட்டின் ரூமனில், அதாவது முதல் இரைப்பையில், கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் செல் சுவரின் நார்ப்பொருட்களான செல்லுலோஸையும் ஹெமிசெல்லுலோஸையும் உடைத்து அசெட்டிக் அமிலம், புரோப்பியோனிக் அமிலம் போன்றவற்றைத் தருகின்றன. மாட்டுக்குத் தெம்பும் பாலில் கொழுப்பும் பெரும்பாலும் அங்கிருந்தே வருகின்றன. லிக்னினை மட்டும் அவற்றால் உடைக்க முடியாது. மரத்தை மக்கச் செய்யும் காளான்கள் உடைக்கும், ஆனால் அந்த வேலைக்கு ஆக்சிஜன் வேண்டும். ரூமனில் ஆக்சிஜன் கிடையாது. இதில் பெரிய நஷ்டம், லிக்னின் தான் செரிக்காமல் போவதோடு நிற்காமல் பக்கத்தில் இருக்கும் செல்லுலோஸையும் மறைத்துவிடுவதுதான். கதிரோடு சேர்த்து அறுத்த மக்காச்சோள சைலேஜின் (காற்றுப் புகாமல் புளிக்கவைத்துச் சேமிக்கும் பசுந்தீவனத்தின்) உலர் எடையில், வழக்கமான அமிலச் சோதனைப்படி, லிக்னின் 2 முதல் 4 சதவீதம்தான் இருக்கும். அந்தச் சின்ன அளவுதான் மீதி நாரில் எவ்வளவு பாலாக மாறும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது.

இந்த விஷயத்தில் மரபணு நமக்குக் கற்றுத் தந்தது 1924-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் தொடங்குகிறது. செயின்ட் பால் நகரிலுள்ள பல்கலைக்கழகப் பண்ணையில், நார்த்வெஸ்டர்ன் டென்ட் என்ற ரகத்தைத் தன்மகரந்தச் சேர்க்கை செய்து வளர்த்த செடிகளில் சிலவற்றின் இலை நடுநரம்பு பழுப்பாக இருந்தது. நாற்றுக்கு நாலைந்து இலை விட்டதும் நிறம் தெரியத் தொடங்கும். இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தால் வெளிர்பச்சையாக இருக்க வேண்டிய நரம்பு செம்பழுப்பாக ஓடும். செடி முற்றும்போது இலையில் அந்த நிறம் மங்கிவிடும். ஆனால் தண்டைக் குறுக்கே வெட்டினால் உள்ளே அது அப்படியே இருக்கும். இதற்கு பிரவுன் மிட்ரிப் என்று பெயர் வைத்தார்கள், சுருக்கமாக பிஎம். 1931 முதல் 1947 வரை அடுத்தடுத்து வந்த ஆய்வுகளில், இதே நிறத்தைத் தரும் நான்கு தனித்தனி மரபணுக்கள் விவரிக்கப்பட்டன. பிஎம்1 ஐந்தாவது குரோமோசோமில், பிஎம்2 முதலாவதில், பிஎம்3 நான்காவதில், பிஎம்4 ஒன்பதாவதில். நான்குமே ஒடுங்கு மரபணுக்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் நிறம் தெரியும்.

பல வருஷம் இது மரபணு வரைபடம் போடுபவர்களுக்கு உதவும் ஒரு அடையாளமாக மட்டுமே இருந்தது. நிறத்துக்குப் பின்னால் லிக்னின் இருக்கிறது என்பதை வேதியியல் ரீதியாகக் காட்டியவர்கள் பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஜோசப் குச், ஆலிவர் நெல்சன். அது 1964-இல். அதே வருஷம், அதே நெல்சன், எட்வின் மெர்ட்ஸுடன் சேர்ந்து ஒப்பேக்-2 என்ற மரபணு மக்காச்சோளத்தில் லைசின் என்ற அமினோ அமிலத்தைக் கூட்டுவதையும் கண்டறிந்தார். மனிதன் தின்னும் தானியத்தின் தரம், மாடு தின்னும் தட்டையின் தரம் இரண்டுக்கும் ஒரே ஆளின் ஆய்வில் வழி திறந்தது என்பது எனக்கு இன்னும் வியப்புதான். 1970களில் பர்டியூவில் நடந்த தீவனச் சோதனைகளில், பழுப்பு நரம்புத் தட்டை கூடுதலாகச் செரிக்கிறது என்பது உறுதியானது.

இனி லிக்னின் எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும். அது தெரியாமல் இந்த மரபணுக்கள் செய்வது புரியாது.

செடி ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை எடுத்துக்கொள்கிறது. மக்காச்சோளம் போன்ற புல்வகைகள் டைரோசினையும் பயன்படுத்தும். ஏறக்குறைய பத்து நொதிகள் ஒன்றன்பின் ஒன்றாக அதில் வேலை செய்து, மூன்று வகை அலகுகளைத் தயாரிக்கின்றன. எச், ஜி, எஸ் என்று அவற்றைக் குறிப்பார்கள். மக்காச்சோளத்தில் ஜி, எஸ் இரண்டும்தான் அதிகம். இந்த அலகுகள் செல் சுவருக்குள் அனுப்பப்பட்டு, அங்கே பெராக்சிடேஸ், லாக்கேஸ் நொதிகளின் உதவியால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. எந்த அலகுக்குப் பக்கத்தில் எது வர வேண்டும் என்று சொல்லும் அச்சு எதுவும் கிடையாது. புரதம் மரபணுவில் எழுதிய வரிசைப்படி உருவாகிறது. லிக்னினுக்கு அப்படி வரிசை இல்லை. அந்த நேரத்தில் கையில் எது இருக்கிறதோ அது சேரும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிஎம் செடிகள் உயிரோடு இருப்பதற்கே இதுதான் காரணம்.

நால்வரில் தீவனத்துக்கு முக்கியமானது பிஎம்3. இதன் மரபணு எது என்பது 1995-இல் தெரிந்தது: காம்ட் என்ற நொதிக்கான மரபணு. எஸ் அலகு தயாராகும் வழியில் ஒரு மீத்தைல் தொகுதியைச் சேர்ப்பது இந்த நொதியின் வேலை. பிஎம்3-இன் ஒரு வடிவத்தில் வேறிடத்திலிருந்து வந்த டிஎன்ஏ துண்டு ஒன்று மரபணுவுக்குள் நுழைந்து உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு வடிவத்தில் மரபணுவின் ஒரு பகுதியே காணோம். எப்படியானாலும் நொதி இல்லை, மீத்தைல் சேரவில்லை, எஸ் அலகு வெகுவாகக் குறைகிறது. பாதி வேலை முடிந்த அலகு, முழு அலகுக்குப் பதிலாக லிக்னினுக்குள் போய்ச் சேர்கிறது. அச்சு இல்லாததால் செடி அதை ஏற்றுக்கொள்கிறது. மொத்த லிக்னின் ஏறக்குறைய கால்பங்கிலிருந்து 40 சதவீதம் வரை குறைகிறது. லிக்னினோடு ஒட்டியிருக்கும் கூமாரிக் அமிலமும் பாதியளவுக்கு இறங்குகிறது.

பிஎம்1-இல் பழுதானது சிஏடி2 என்ற நொதி. இது பாதையின் கடைசிப் படி. 1998-இல் உறுதியானது. ஆல்டிஹைடை ஆல்கஹாலாக மாற்றும் இந்தப் படி தடைப்படுவதால் ஆல்டிஹைடுகள் அப்படியே லிக்னினில் சேர்கின்றன. பழுப்பு நிறம் அவற்றால் வருவதுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது பிஎம்2, பிஎம்4 கதை. இரண்டுக்குமான விடை அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் ஷ்னேபிள் குழுவிடமிருந்து 2014, 2015-இல் வந்தது. இரண்டுமே லிக்னின் பாதையில் இல்லாத மரபணுக்கள்! கர்ப்பிணிகளுக்கு மாத்திரையாகத் தருகிறார்களே ஃபோலிக் அமிலம், அந்த ஃபோலேட் வகைப் பொருட்களைக் கையாளும் நொதிகளுக்கானவை. தொடர்பு இதுதான்: காம்ட் போன்ற நொதிகள் மீத்தைல் சேர்க்க வேண்டுமென்றால் அந்த மீத்தைலை யாராவது கொண்டுவந்து தர வேண்டும். கொண்டுவரும் சங்கிலி ஃபோலேட்டில்தான் தொடங்குகிறது. அது தளர்ந்தால் லிக்னினும் குறைகிறது. லிக்னின் மரபணுக்கள் என்று ஒரு பட்டியல் போட்டு, அதற்குள் மட்டும் தேடிக்கொண்டிருந்தால் இந்த இரண்டும் கடைசிவரை அகப்பட்டிருக்காது. நரம்பின் நிறத்தை வைத்துச் செடியிலிருந்து தொடங்கியதால்தான் பிடிபட்டது.

சரி, மாட்டுக்கு என்ன லாபம்? மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மசாஹிட்டோ ஓபா, மைக்கேல் ஆலன் இருவரும் 1999-இல் வெளியிட்ட சோதனை இதில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும். பிஎம்3 சைலேஜையும் அதே ரகத்தின் சாதாரண சைலேஜையும் ஹோல்ஸ்டீன் மாடுகளுக்குக் கொடுத்தார்கள். ஆய்வகத்தில் ரூமன் நீரில் 30 மணி நேரம் ஊறவைத்துப் பார்த்தபோது, பிஎம்3-இன் நார் 9.7 சதவீதப் புள்ளி கூடுதலாகச் செரித்தது. அதைத் தின்ற மாடுகள் நாளொன்றுக்கு 2.1 கிலோ உலர் தீவனம் கூடுதலாகத் தின்றன, 2.8 கிலோ பால் கூடுதலாகக் கறந்தன. பல சோதனைகளைத் தொகுத்து அதே ஆண்டு அவர்கள் சொன்ன கணக்கு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது: நார் செரிமானம் ஒரு புள்ளி கூடினால் தீவன உட்கொள்ளல் 0.17 கிலோவும், 4 சதவீதக் கொழுப்புக்குச் சரிசெய்த பால் 0.25 கிலோவும் கூடும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பால் கூடியதற்குப் பெரிய காரணம், ஒவ்வொரு கிலோவிலிருந்தும் கூடுதல் சத்து கிடைத்தது என்பதைவிட, மாடு கூடுதலாகத் தின்றது என்பதுதான். நார் சீக்கிரம் உடைந்தால் ரூமனில் இடம் சீக்கிரம் காலியாகும். நிறையக் கறக்கும் மாட்டுக்கு வயிறு நிரம்பிப்போவதே தடை. அந்தத் தடை தளர்கிறது. அதனால்தான் அந்தச் சோதனையிலேயே முன்பு அதிகம் கறந்துகொண்டிருந்த மாடுகள் அதிகப் பலன் பெற்றன. குறைவாகக் கறந்தவற்றுக்குப் பலன் குறைவு. அமெரிக்க விதைக் கம்பெனிகள் 1990களில் பிஎம்3 வீரிய ஒட்டு ரகங்களை விற்கத் தொடங்கியபோது, பெரிய பால் பண்ணைகளே முதலில் வாங்கின என்பதில் ஆச்சரியம் இல்லை.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் இருக்கிறது. ஹவாயில் 1984-இல் வெளியான ஒரு ஒப்பீட்டில் பிஎம்3 வந்த ரகங்களின் தானிய மகசூல் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. தட்டையின் எடையும் குறைந்தது. செடி சாய்வது இன்னொரு கவலை. பின்னணி ரகத்தைப் பொறுத்து இந்த இழப்பு கூடும், குறையும். இதில் ஒரு பகுதி, மரபணுவின் நேரடி விளைவு. மீதி, இனப்பெருக்க வேலையின் சிரமம். ஒடுங்கு மரபணு என்பதால் ஒட்டு ரகத்தின் இரண்டு பெற்றோரிலும் அதை ஏற்ற வேண்டும். ஒவ்வொரு பின்கலப்புக்கும் (நல்ல ரகத்தோடு மறுபடி கலப்பதற்கும்) நடுவே, மரபணு உள்ளே இருக்கிறதா என்று பார்க்க ஒரு தலைமுறை தன்மகரந்தச் சேர்க்கை தேவைப்பட்டது. அந்த வேலை முடிவதற்குள் அடுத்த தலைமுறை உயர்மகசூல் ரகம் சந்தைக்கு வந்துவிடும். இப்போது டிஎன்ஏ குறியீடு பார்த்து நாற்றிலேயே சொல்லிவிடலாம், காலம் மிச்சமாகிறது. ஆனாலும் இரண்டு பெற்றோரிலும் ஏற்றும் வேலை ஏற்றும் வேலைதான்.

இப்போது இதற்கு எதிர்ப்பக்கத்தைப் பார்ப்போம். யாரும் லிக்னினைப் பற்றி நினைக்காமல் ரகம் உருவாக்கினால் என்ன ஆகும்? மேற்கு பிரான்சில் லூசின்யான் என்ற ஊரிலுள்ள ஆய்வு நிலையத்தில் ஈவ் பாரியேரும் அவருடன் இருந்தவர்களும் பல ஆண்டுகள் சைலேஜ் ரகங்களைச் செம்மறி ஆடுகளுக்குக் கொடுத்து, தின்றது எவ்வளவு, புழுக்கையில் வந்தது எவ்வளவு என்று நேரடியாக அளந்தார்கள். 1950களின் இறுதியிலிருந்து 2000 வாக்கில் வந்த ரகங்கள்வரை ஒப்பிட்டபோது கிடைத்த படம் கவலைக்குரியது. மகசூல் ஏறியிருந்தது. செடி சாயாமல் நின்றது. செல் சுவரின் செரிமானம் மட்டும் படிப்படியாக இறங்கியிருந்தது. திட்டமிட்டு யாரும் இறக்கவில்லை. லகோன் என்ற பகுதியின் பழைய நாட்டு மக்காச்சோளத்திலிருந்து வந்த எஃப்2, எஃப்7 போன்ற வரிகளின் (தன்மகரந்தச் சேர்க்கையால் நிலைப்படுத்திய பெற்றோர்ச் செடிகளின்) தட்டை நன்றாகச் செரிக்கும். நிற்கும் திறனுக்காகவும் தானியத்துக்காகவும் அவற்றின் இடத்தில் வேறு வரிகள் வந்தன. அவற்றின் தட்டையை யாரும் அளக்கவில்லை. அளக்காதது நழுவிப்போனது. 1998 முதல் பிரான்சில் சைலேஜ் ரகத்தைப் பதிவு செய்யத் தீவன மதிப்பும் ஒரு தகுதியாகச் சேர்க்கப்பட்டது.

அப்படியென்றால் சாயாத செடியும் செரிக்கும் தட்டையும் ஒன்றாகக் கிடைக்காதா? கிடைக்கும் என்றே நினைக்கிறேன். காரணம் தண்டின் குறுக்குவெட்டிலேயே தெரியும். தண்டை மெல்லியதாகச் சீவி, லிக்னின் உள்ள இடம் சிவப்பாகவும் இல்லாத இடம் நீலமாகவும் காட்டும் சாயத்தில் தோய்த்து நுண்ணோக்கியில் வைத்தால், வெளிப்பட்டையும் நீர்க்குழாய்க் கற்றைகளும் சிவப்பாக இருக்கும். நடுவிலுள்ள மென்சோறு சில ரகங்களில் பெரும்பாலும் நீலம், சிலவற்றில் சிவப்பு. செடியை நிற்க வைப்பது முக்கியமாக வெளிப்பட்டை. மாட்டுக்கு அதிகம் கிடைப்பது நடுச்சோற்றில். லிக்னின் எவ்வளவு என்பதோடு எங்கே என்பதும் முக்கியம் என்று ஆகிவிடுகிறது.

எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதும்தான். புல்வகைகளில் ஹெமிசெல்லுலோஸின் பக்கச் சங்கிலிகளில் ஃபெருலிக் அமிலம் தொங்குகிறது. அது ஒரு கையால் ஹெமிசெல்லுலோஸையும் இன்னொரு கையால் லிக்னினையும் பிடித்துக்கொள்கிறது. இந்தப் பிடிப்பு அதிகமானால், லிக்னின் அளவு ஒன்றாகவே இருக்கும் இரண்டு தட்டைகளில் ஒன்று கூடுதலாகவும் மற்றது குறைவாகவும் செரிக்கும். லிக்னின் சதவீதத்தை மட்டும் அளந்து ரகத்தைத் தேர்ந்தெடுப்பவர் ஏமாறுவது இங்கேதான்.

இந்தக் குணங்களை இயக்குபவை பிஎம்3 போல ஒற்றைப் பெரிய மரபணுக்கள் கிடையாது. குரோமோசோம்கள் பத்திலும் சிதறிக் கிடக்கும், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் விளைவு தரும் இடங்கள். ஆறாவது குரோமோசோமில் மட்டும் ஓரிடம் சில கலப்புகளில் பெரிய விளைவோடு தலைகாட்டுகிறது. லிக்னின் பாதையையே அடக்கி வாசிக்கச் சொல்லும் மிப் வகைக் கட்டுப்பாட்டு மரபணுக்கள் இரண்டும் மக்காச்சோளத்தில் தெரியவந்திருக்கின்றன. இப்படிச் சிதறிய குணத்தை ஒரே கலப்பில் பிடித்துவிட முடியாது. ஒவ்வொரு தலைமுறையிலும் அளந்து அளந்துதான் நகர்த்த வேண்டும். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் இந்த வழியில் சைலேஜ் தரத்துக்காகவே ஒரு தனித் தொகுப்பை உருவாக்கியது.

நம்மூருக்கு இதில் எது பொருந்தும்? பெரம்பலூரிலும் திண்டுக்கல்லிலும் மக்காச்சோளம் போடுபவர் தானியத்துக்காகப் போடுகிறார். கதிரை ஒடித்த பிறகு மிஞ்சும் காய்ந்த தட்டைதான் மாட்டுக்கு. அந்த நிலையில் லிக்னின் உச்சத்தில் இருக்கும். வெயிலும் அதைக் கூட்டும், ஏனென்றால் வெப்பம் அதிகமான இடத்தில் வளரும் புல்வகைகளில் லிக்னின் படிவதும் அதிகம். இப்படிப்பட்டவரிடம் பிஎம்3 ரகத்தைக் கொடுத்து, தானியத்தில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுங்கள் என்று சொல்வது நியாயமே இல்லை. கதிரோடு அறுத்து சைலேஜ் போட்டு விற்பவருக்கும், பெரிய கலப்பின மாட்டுப் பண்ணைக்கும் வேண்டுமானால் அந்தக் கணக்கு கட்டுப்படியாகலாம். தானியம் எடுத்துவிட்டுத் தட்டையைப் போடுபவருக்கு வேண்டியது, மகசூல் குறையாமல் தட்டை நன்றாகச் செரிக்கும் சாதாரண ரகம்.

அந்த வேறுபாட்டுக்கு மதிப்பு இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு ஹைதராபாத் தட்டைச் சந்தையைக் காட்டலாம். அங்கே நகரத்து மாட்டுக்காரர்கள் வாங்கும் சோளத்தட்டையை மைக்கேல் ப்ளூமெல், பார்த்தசாரதி ராவ் இருவரும் ஆய்வு செய்து 2006-இல் வெளியிட்டார்கள். அது மக்காச்சோளம் இல்லை, வெள்ளைச் சோளத்தின் தட்டை, ஆனால் பாடம் ஒன்றுதான். வெவ்வேறு பகுதிகளிலிருந்து வந்த தட்டைகளை ஆய்வகத்தில் சோதித்தபோது செரிமானம் 47 சதவீதத்திலிருந்து 52 சதவீதம்வரை இருந்தது. வெறும் 5 புள்ளி. சந்தையில் அதற்குக் கிடைத்த கூடுதல் விலை 25 சதவீதமும் அதற்கு மேலும்! எந்த ஆய்வக அறிக்கையும் பார்க்காமல், கையில் ஒடித்துப் பார்த்தும் மாடு தின்பதைப் பார்த்தும் வாங்குபவர்கள் அந்த 5 புள்ளியைக் கண்டுபிடித்திருந்தார்கள். அடர்தீவனம் குறைவாகப் போட்டுத் தட்டையையே நம்பி மாடு வளர்ப்பவருக்கு, குறைவாகக் கறக்கும் மாடாக இருந்தாலும் ஒவ்வொரு புள்ளியும் கணக்கில் வரும். அமெரிக்கப் பண்ணைக் கணக்கை அப்படியே இங்கே பொருத்த முடியாது என்பதும் இதனால்தான்.

ரகம் மாறும்வரை விவசாயி கையில் சில வழிகள் இருக்கின்றன. சைலேஜுக்கென்றால் மணியில் பால்கோடு (மாவாக இறுகிய பகுதிக்கும் பால் பதத்தில் உள்ள பகுதிக்கும் நடுவே தெரியும் கோடு) பாதிவரை இறங்கியதும், செடியில் உலர் பொருள் 30 முதல் 35 சதவீதம் இருக்கும்போது அறுக்கலாம். தரையிலிருந்து ஒரு சாண் கூடுதலாக விட்டு அறுத்தால் லிக்னின் மிகுந்த அடித்தண்டு வயலிலேயே தங்கிவிடும், எடை கொஞ்சம் குறையும், செரிமானம் கூடும். தானியம் எடுத்த தட்டையானால் கதிர் ஒடித்ததும் நாள் கடத்தாமல், இலை உதிர்வதற்குள் வெட்டிப் போர் போடுவது நல்லது.

விதைக் கடையில் தானிய ரகம் கேட்டால் வயது, மகசூல், மணியின் நிறம், படைப்புழுத் தாக்குதல் எல்லாம் சொல்வார்கள். தட்டை எவ்வளவு செரிக்கும் என்று கேட்டால் சொல்ல எண் கிடையாது. அளப்பது இன்று பெரிய வேலையில்லை. பொடித்த தட்டையின் மீது அகச்சிவப்புக்கு நெருங்கிய ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியை வைத்தே செரிமானத்தை ஓரிரு நிமிஷத்தில் கணிக்கும் கருவி வேளாண் ஆய்வகங்களில் புழக்கத்துக்கு வந்து பல வருஷமாகிறது. ப்ளூமெல் குழு ஹைதராபாத்தில் சோளத்துக்கும் பிற பயிர்களுக்கும் அதைத்தான் பயன்படுத்தியது. தானிய மக்காச்சோள ரகங்களைப் பல ஊர்களில் சோதித்து வெளியிடும்போது, கதிரை எடுத்த பிறகு ஒவ்வொரு பாத்தியிலிருந்தும் நாலு தட்டையைப் பொடித்து அந்தக் கருவியில் வைத்தால் போதும். மகசூலுக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணையும் அச்சிட்டுவிடலாம். ஒரே மகசூல் தரும் இரண்டு ரகங்களில் எதை எடுப்பது என்பதை, மாடு வைத்திருப்பவர் அந்த எண்ணைப் பார்த்து முடிவு செய்துகொள்வார்.